இரவில் சக்குலன்ட் செடிகளைக் கடிப்பது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பகலில் தேடினால் ஒரு பூச்சிகூடக் கண்ணில் படுவதில்லை, ஆனால் காலையில் பார்த்தால் சக்குலன்டின் (தடித்த இலையில் தண்ணீரைச் சேர்த்துவைக்கும் செடி) இலையில் புதிதாக ஒரு கடி. இதுதானே உங்கள் கேள்வி? மருந்து வாங்கப் போவதற்கு முன்னால் கடிபட்ட இலையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். எலி கடித்த செடிக்குப் பூச்சிமருந்து அடித்து என்ன பயன்? நத்தையும் அப்படித்தான். அது பூச்சி இனமே இல்லை என்பதால் வழக்கமான பூச்சிமருந்துகள் பலவும் அதை ஒன்றும் செய்யாது.

நான் முதலில் சந்தேகப்படுவது நத்தையைத்தான், ஓடுள்ளது, ஓடில்லாதது இரண்டையும். அதன் நாக்கில் ஆயிரக்கணக்கான நுண்ணிய பற்கள் வரிசையாக இருக்கும். கடித்து எடுக்காது, அரத்தால் ராவுவதுபோலச் சுரண்டும். அதனால் தடித்த இலையில் மேல்தோல் போய், ஆழமில்லாத குழி தெரியும். சில நேரம் அடித்தோல் மட்டும் கண்ணாடிபோல மிஞ்சியிருக்கும். காய்ந்த சளித்தடம் வெள்ளியாக மின்னினால் சந்தேகமே வேண்டாம். தடம் இல்லையென்றாலும் உடனே நத்தையை விட்டுவிடாதீர்கள், காலையில் தண்ணீர் ஊற்றியதில் கழுவிப் போயிருக்கலாம். எச்சவெரியா மாதிரி இலைமேல் வெள்ளைப் பூச்சு உள்ள செடிகளில் இன்னொரு தடயம் உண்டு. நத்தை ஊர்ந்து போன வழியில் அந்தப் பூச்சு அழிந்து, கோணல்மாணலாக ஒரு பச்சைப் பட்டை தெரியும். இலையைச் சாய்த்துப் பிடித்தால் அது இன்னும் தெளிவாகத் தெரியும்.

அடுத்து எலியும் சுண்டெலியும். மழை இல்லாத நாட்களில் இவை சக்குலன்ட் பக்கம் வருவதற்குப் பசி மட்டும் காரணம் இல்லை, இலைக்குள் இருக்கும் தண்ணீரும்தான். கடிவாயில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல்கள் ஓடும், முன்பற்களின் அடையாளம். இலையின் ஒரு பக்கமே காணாமல் போயிருக்கும், அல்லது துண்டுகள் தொட்டியைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும். தொட்டிக்குப் பின்னால், சுவரோரம் புழுக்கை இருக்கிறதா என்று பாருங்கள். சுண்டெலியுடையது அரை சென்டிமீட்டர்தான் வரும், பெரிய எலியுடையது ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர். சந்தேகம் தீரவில்லையென்றால் தொட்டியைச் சுற்றித் தரையில் முகப்பவுடரை லேசாகத் தூவிவிட்டுத் தூங்கப் போங்கள், காலையில் கால்தடம் இருக்கும்.

சின்னச் செடி ஒன்று மண்மட்டத்தில் அறுபட்டுச் சாய்ந்து கிடந்தால் வெட்டுப்புழு. இது ஒரு வகை அந்துப்பூச்சியின் புழு. பகலில் அதே செடியின் அடியில், மண்ணுக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் படுத்திருக்கும். விரலால் கிளறினால் வளையமாகச் சுருண்டுகொள்ளும். இலை ஓரத்தில் மட்டும் அரைவட்ட வெட்டுகள் வரிசையாக இருந்தால் கூன்வண்டாக இருக்கலாம். இதில் வண்டைவிட அதன் புழுதான் ஆபத்து, மண்ணுக்குள் வேரைத் தின்னும். செடி ஆடுகிறது, தண்ணீர் ஊற்றியும் வாடுகிறது என்றால் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், நேரில் பிடிக்கும் வேலை. நள்ளிரவு வரை விழித்திருக்கத் தேவையில்லை. இருட்டி ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து, முக்கியமாக மழை பெய்த அல்லது தண்ணீர் ஊற்றிய நாளில், டார்ச்சோடு போங்கள். டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றினால் நல்லது. பூச்சிகள் பலவற்றுக்குச் சிவப்பு வெளிச்சம் சரியாகத் தெரியாது, ஓடி ஒளியாது. செடியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டாம். தொட்டி விளிம்பின் உள்பக்கம், அடியில் தண்ணீர் வடியும் ஓட்டை, தொட்டிக்குக் கீழே வைத்த தட்டு, இவைதான் ஒளியும் இடங்கள். ராத்திரி போக முடியாதவர்கள் நனைத்த அட்டைத்துண்டு ஒன்றைத் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டுவைத்துக் காலையில் புரட்டிப் பார்க்கலாம். நத்தைகள் விடியும் நேரத்தில் அதன் அடியில் வந்து ஒட்டிக்கொள்ளும். வெறும் கையால் மட்டும் எடுக்காதீர்கள். மனிதரின் மூளையைப் பாதிக்கும் ஒட்டுண்ணிப் புழு சில நத்தைகளில் இருக்கும். கையுறை போடுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

அட்டைக்கடியில் இருப்பதெல்லாம் குற்றவாளி என்று நினைக்க வேண்டாம். மரவட்டைகளும், தொட்டால் உருண்டையாகச் சுருளும் சாம்பல் நிற ஜீவன்களும் பெரும்பாலும் அழுகியதைத் தின்பவை. நத்தை சுரண்டிய இலை அழுகத் தொடங்கிய பிறகு விருந்துக்கு வந்திருக்கும். வாயில் இலையோடு பிடிபடும் வரை எதையும் கொல்லாதிருப்பது என் பழக்கம். இன்னொன்று, கடி மாலையிலேயே தெரிந்தால் இரவுப் பூச்சியைத் தேடுவது வீண். அணிலும் பறவையும் பகலில்தான் வரும்.

நத்தை என்று உறுதியானால் கையால் பொறுக்குவதுதான் இன்னமும் சிறந்த வழி. அதற்கு மேல் வேண்டுமென்றால் நத்தையைக் கொல்லும் இரும்பு பாஸ்பேட் குருணை போடலாம். மெட்டால்டிஹைடு என்ற ரசாயனம் உள்ள நத்தைக் குருணை நாய், பூனைக்கு விஷம், வீட்டில் செல்லப்பிராணி இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். உப்பைத் தூவச் சொல்வார்கள், தூவாதீர்கள், அது மண்ணில் இறங்கி வேரைக் கெடுக்கும். எலிக்குப் பொறியும், செடிகளைச் சுற்றி நெருக்கமான கம்பிவலையும்தான் வழி.

கடிபட்ட இலை பழையபடி வளராது. காயம் காய்ந்து தழும்பாகட்டும், அதுவரை மேலிருந்து தண்ணீர் ஊற்றாமல் மண்ணில் மட்டும் ஊற்றுங்கள். கொழகொழவென்று ஆன பகுதியைச் சுத்தமான கத்தியால் வெட்டி எடுத்துவிடுங்கள். நடுக்குருத்தே போயிருந்தாலும் தண்டு உறுதியாக இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். பல வகைகளில் பக்கவாட்டில் கன்றுகள் கிளம்பும். அதுவரை தொட்டியைச் சுவரிலிருந்து தள்ளி, உயரமான இடத்தில் வையுங்கள்.