வாலை வெட்ட முழு பைலையும் படிக்க வேண்டாம்

கேள்வி: அண்ணே, நான் பிறையில் குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் வேலை செய்கிறேன். 20 சென்சார்கள் நொடிக்கு ஒரு தடவை ஆளுக்கு ஒரு பதிவாக ஒரே பைலில் எழுதுகின்றன. ஒரு பதிவு சரியாக 64 பைட். ஆறு மாதத்தில் பைல் 20 ஜிபி ஆகிவிட்டது. போன வாரம் கரண்ட் போனதில் கடைசிப் பதிவு பாதியிலேயே நின்றுவிட்டது, அதனால் ரிப்போர்ட் புரோகிராம் பைலைத் திறக்கவே மாட்டேன் என்கிறது. பைதானில் முழுவதையும் படித்து, வாலை நீக்கி, திரும்ப எழுதப் பார்த்தேன். 8 ஜிபி ரேம் உள்ள லினக்ஸ் மெஷின், அப்படியே உறைந்துவிட்டது. வேறு வழி உண்டா?
– ஒரு வாசகர், பிறை, பினாங்கு

பதில்: உண்டு தம்பி, அதுவும் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிகிற வேலை. ஒரு பைல் எவ்வளவு நீளம் என்பதை சிஸ்டம் தனியாக ஓர் எண்ணாகக் குறித்து வைத்திருக்கிறது, லினக்ஸில் அந்தக் குறிப்பேட்டுக்கு ஐநோட் என்று பெயர். இனி இந்த பைல் இவ்வளவுதான் என்று நாம் சொன்னால் அந்த எண்ணை மாற்றி, அதற்கு அப்பால் இருக்கும் பிளாக்குகளை (வட்டில் பைலுக்கு ஒதுக்கிய சிறு சிறு பகுதிகளை) விடுவித்துவிடும். முன்னால் இருக்கும் 20 ஜிபியைத் தொடவே தொடாது. இதற்கான கட்டளைதான் டிரங்கேட். பைதானில் ஓஎஸ் மாட்யூலில் இருக்கிறது, பைலின் பெயரையும் புது நீளத்தையும் கொடுத்தால் போதும். பெர்ல், பிஎச்பி, ரூபி எல்லாவற்றிலும் இதே வேலைக்கு ஒன்று உண்டு.

புது நீளத்தைக் கண்டுபிடிப்பதும் சுலபம். பைல் சைஸை 64ஆல் வகுத்து மீதியைக் கழியுங்கள். சின்ன கணக்காகப் பார்ப்போம்: சைஸ் 10,00,037 பைட் என்றால் 15,625 முழுப் பதிவுகள் போக 37 பைட் மிஞ்சும். அந்த 37தான் அரைகுறைப் பதிவு, ஆக புது நீளம் 10,00,000. வெட்டும் முன் அந்த 37 பைட்டை மட்டும் தனி பைலில் எடுத்து வைத்துவிடுங்கள். 20 ஜிபிக்கு பேக்கப் எடுக்க நேரமில்லாவிட்டாலும் 37 பைட்டுக்கு நேரம் இருக்கும், கணக்கு பிசகினால் அதை அப்படியே ஒட்டிக்கொள்ளலாம்.

பைலைத் திறந்து வைத்துக்கொண்டு வெட்டுவதாக இருந்தால் உள்ளே இருப்பதை அழிக்காமல் திறக்கும் 'ஆர் பிளஸ் பி' முறையில் திறங்கள், 'டபிள்யூ' வேண்டவே வேண்டாம். டபிள்யூ என்று திறந்த அந்த நிமிடமே பைல் காலியாகிவிடும். அதற்குப் பிறகு டிரங்கேட் கொடுத்தால் அது காலி பைலைக் கேட்ட நீளத்துக்கு இழுத்து, பூஜ்யங்களால் நிரப்பிவிடும். நான் முன்பு வேலை பார்த்த அலுவலகத்தில் இப்படித்தான் ஒரு வாரத்துக் கணக்கு போனது. வெட்டி முடித்ததும் சைஸைப் பார்த்தோம், மிகச் சரியாக இருந்தது. மறுநாள் திறந்து பார்த்தால் உள்ளே பூஜ்யத்தைத் தவிர ஒன்றும் இல்லை, பேக்கப்பும் இல்லை. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அப்புறம் இன்னொன்று: சென்சார் புரோகிராமை நிறுத்திவிட்டு வெட்டுங்கள். அது அப்பென்ட் முறையில் (எப்போதும் பைலின் கடைசியில் சேர்க்கும் முறை) திறக்காமல் எழுதிக்கொண்டிருந்தால், நீங்கள் வெட்டியது அதற்குத் தெரியாது. தான் விட்ட பழைய இடத்திலிருந்தே தொடர்ந்து எழுதும், நடுவில் பூஜ்யங்கள் நிறைந்த ஓட்டை விழும்.

கேள்வி: எங்கள் வகுப்பின் பதிவேடு தமிழில் வரிவரியாக இருக்கும் பைல். கடைசி மூன்று வரிகளை நீக்க, குத்துமதிப்பாக 200 பைட் வெட்டினேன். இப்போது பைதானில் திறந்தாலே யுனிகோட் பிழை வருகிறது. என்ன தப்பு?
– ஒரு வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: எழுத்தின் நடுவில் கத்தி வைத்துவிட்டீர்கள் சகோதரி. எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். 'தமிழ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள், கண்ணுக்கு மூன்று எழுத்துதான். உள்ளே த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள், ஆக 15 பைட். டிரங்கேட்டுக்கு எழுத்து தெரியாது, பைட்தான் தெரியும்.

குத்துமதிப்பு வேண்டாம். பைலை பைனரியாகத் திறந்து, சீக் கட்டளையால் கடைசிக்குப் போய், 4096 பைட் துண்டுகளாகப் பின்னோக்கிப் படித்து வாருங்கள். வரி முடிவைக் குறிக்கும் பைட்டின் மதிப்பு 10, அது எந்தத் தமிழ் எழுத்தின் உள்ளேயும் வராது, ஆகவே அதைத் தேடுவதில் ஆபத்தில்லை. கடைசி வரிக்குப் பின்னாலும் அந்த பைட் இருந்தால் அதை எண்ணாமல் விட்டு, அதற்கு முந்தி வரும் மூன்றாவதைப் பிடியுங்கள். அதற்கு அடுத்த பைட்டிலிருந்து வெட்டினால் சரி. இப்போது உடைந்திருக்கும் பைலுக்கும் இதே வைத்தியம்தான்: வாலில் கடைசியாக இருக்கும் 10ஐத் தேடி, அதுவரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இதே மாதிரி பைலின் தலையை, அதாவது பழைய வரிகளை வெட்ட முடியுமா?
– ஒரு வாசகர், செந்தூல்

பதில்: டிரங்கேட்டால் முடியாது, அது வாலை மட்டும்தான் வெட்டும். தேவையான பகுதியை 1 எம்பி துண்டுகளாகப் புது பைலுக்கு நகல் எடுத்து, சரிபார்த்து, கடைசியில் பழைய பெயரை அதற்கு வையுங்கள். லினக்ஸில் எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் வட்டுகளில் முன்பகுதியை அப்படியே கழற்றிவிடும் வசதி ஒன்று உண்டு, ஆனால் அது முழு பிளாக் கணக்கில்தான் வெட்டும். உங்கள் வரி பிளாக்கின் நடுவில் தொடங்கினால் முதல் வரி பாதியாக நிற்கும். அதனால் உங்களுக்கு நகல் எடுப்பதே நல்லது.