கழுத்தெலும்பு இணைத்தவர் விழுந்தால் நீவக்கூடாது

அம்பாசமுத்திரம் அண்ணாச்சிக்கு வணக்கம். கழுத்தின் 5, 6ஆம் எலும்புகளைப் பிளேட் வைத்து இணைத்த உங்கள் அப்பா படித்துறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து வலியால் தவிப்பதாகவும், எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்பதால் எண்ணெய் தேய்த்து நீவலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து நீவ வேண்டாம். இணைத்த பகுதி ஒரே கம்புபோல வளையாமல் நிற்பதால், விழும்போது உண்டாகும் விசை அதற்கு மேலோ கீழோ உள்ள எலும்பில் கூடுதலாக இறங்கி, சிறு அடியிலும் அதை முறித்துவிடக்கூடும். கழுத்தின் அடிப்பகுதியை எக்ஸ்ரேயில் தோள் மறைப்பதால் முறிவு தெரியாமல் போவதுண்டு. என் அம்மாவுக்கும் முறிவு அப்படித்தான் எக்ஸ்ரேயில் தெரியாமல் போனது. காப்பித் தம்ளர் விரல்களில் நிற்காமல் நழுவிய அன்றுதான் சி.டி. ஸ்கேன் எடுத்தோம். அப்பாவைக் கழுத்து அசையாமல் படுக்கவைத்து, 108ஐ அழைத்துப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கு இன்றே கொண்டுசெல்லுங்கள். கைகால் மரத்தாலோ சிறுநீர் அடைத்தாலோ அதைத்தான் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும்.