ஏற்காட்டார் பதில்கள்: ஃபாரோ தீவுக்காரர்கள் யார்?

சென்ற இதழில் சின்ன மொழிகளைப் பற்றிப் பேசும்போது ஃபாரோ தீவுகளை ஒரு வரியில் தொட்டுவிட்டுப் போனேன். இந்த வாரத் தபாலில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

அவர்கள் டென்மார்க்காரர்கள்தானே? தனி இனம் என்று ஏன் எழுதினீர்கள்?
- வாசகர், அம்மாப்பேட்டை

பாஸ்போர்ட் டென்மார்க்குடையதுதான். ஆனால் அவர்கள் முகத்துக்கு நேரே இதைச் சொல்லிவிடாதீர்கள். ஐஸ்லாந்து, நார்வே, ஸ்காட்லாந்து மூன்றுக்கும் நடுக்கடலில் 18 தீவுகள், சுமார் 54,000 பேர். சேலம் மாநகராட்சியில் நாலு வார்டைச் சேர்த்தால் அவ்வளவுதான். 9-ஆம் நூற்றாண்டில் நார்வேயிலிருந்து வைக்கிங்குகள் என்ற கடலோடிகள் வந்து குடியேறினார்கள் என்பது பழைய பாடம். அதற்கு முன்பே அங்கே ஆள் புழக்கம் இருந்திருக்கிறது. ஏரியடி வண்டலில் கிடைத்த ஆட்டின் மரபணு கி.பி. 500 வாக்கில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

இன்னொரு சங்கதி. மரபணுவைப் பார்த்தால் இவர்களுக்குத் தந்தைவழி பெரும்பாலும் ஸ்காண்டிநேவியா. தாய்வழி பெரும்பாலும் ஸ்காட்லாந்து, அயர்லாந்துப் பக்கம். அதாவது ஆண்கள் ஓரிடத்திலிருந்து கப்பலேறி, வேறோரிடத்தில் பெண்ணெடுத்திருக்கிறார்கள். அல்லது தூக்கி வந்திருக்கிறார்கள். அதை மரபணு சொல்லாது. காஞ்சியிலிருந்து அண்ணன் தம்பி மூவர் கிளம்பி வந்தார்கள், பெரியண்ணன் சேர்வராயன் மலையேறினான், பெண் இந்தப் பக்கத்தில் எடுத்தான் என்று எங்கள் மலையாளி மக்கள் (கேரளத்தார் இல்லை, இந்த மலைப் பழங்குடிகள்) கதை சொல்வார்களே, அதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

எழுத்தே இல்லாமல் ஒரு மொழி எப்படிப் பிழைத்தது?
- தமிழாசிரியை, ஆத்தூர்

ஆடிப் பிழைத்தது, டீச்சர். 16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் நடந்த கிறிஸ்தவ மதச் சீர்திருத்தத்துக்குப் பிறகு கோயில், கோர்ட், பள்ளி எல்லாமே டேனிஷ் ஆகிவிட்டது. ஃபாரோ மொழி அடுப்படியிலும் படகிலும் மட்டும் புழங்கியது. ஆனால் குளிர்கால ராத்திரிகளில் ஊர் கூடிக் கைகோத்து நிற்கும். இடப்பக்கம் இரண்டு அடி, திரும்ப ஓர் அடி. வாத்தியம் கிடையாது, மரத்தரையில் விழும் காலடிதான் தாளம். முன்பாட்டுக்காரர் அடியெடுத்துக் கொடுக்க, பல்லவியை எல்லோரும் பிடித்துக்கொள்வார்கள். பல கதைப்பாட்டுகள் நூற்றுக்கணக்கான கண்ணிகள் ஓடும். பாட்டு மறந்தால் ஆட்டம் நிற்கும், அதனால் மறக்கவில்லை. 1846-இல்தான் ஹம்மர்ஷைம்ப் என்ற பாதிரியார் எழுத்திலக்கணம் வகுத்தார். 1948-இல் தன்னாட்சி வந்தபோது அதுவே முதன்மை மொழியானது. இன்றும் ஜூலை 28, 29-இல் டோர்ஷவ்ன் தலைநகரில் ஓலாவ்ஸ்ஓக்கா திருவிழாவில் இந்த ஆட்டத்தைப் பார்க்கலாம்.

அங்கே என்ன சாப்பிடுவார்கள்?
- வாசகர், செவ்வாய்ப்பேட்டை

மீன், ஆடு, உருளைக்கிழங்கு. ஆட்டுத்தலை மனிதத்தலையைவிட அதிகம். உப்புக்கண்டம் தெரியும்தானே? அவர்கள் அதை உப்பில்லாமல் போடுகிறார்கள்! பலகைக்குப் பலகை இடுக்கு விட்டு ஒரு கொட்டகை கட்டி, ஐப்பசி வாக்கில் ஆட்டை அறுத்து அதில் தொங்கவிடுவார்கள். கடல்காற்று இடுக்கில் புகுந்து போக, சில வாரத்தில் இறைச்சி புளித்து நாற ஆரம்பிக்கும். அதையே வேகவைத்துச் சாப்பிடுவார்கள். இன்னும் பல மாதம் விட்டால் நன்றாகக் காய்ந்துவிடும். பிறகு அடுப்பே வேண்டாம், மெல்லிசாகச் சீவி ரொட்டிமேல் வைத்துத் தின்பதுதான். நம் வெயிலில் முயற்சி செய்ய வேண்டாம், புழுதான் மிஞ்சும்.

டென்மார்க் விசா வைத்துக்கொண்டு போகலாமா?
- வாசகர், ஓமலூர்

டென்மார்க் தருவது ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா. அது மட்டும் இருந்தால் செல்லாது. ‘ஃபாரோ தீவுகளுக்கும் செல்லும்’ என்று விசாவில் தனியாகக் குறித்திருக்க வேண்டும். டென்மார்க் ஐரோப்பிய ஒன்றியத்தில், இவர்கள் வெளியே. மீன்பிடி உரிமையை விட்டுக்கொடுக்க மனமில்லை.

பெண்பிள்ளைகள் படிக்கப் போனால் திரும்புவதில்லை என்கிறார்களே, அங்கேயுமா?
- காபித் தோட்டக்காரர், நாகலூர்

அங்கேயும்தான். உள்ளூர்ப் பல்கலைக்கழகம் சிறியது, மேற்படிப்பென்றால் டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகன். போகிறவர்களில் பலர் அங்கேயே தங்கிவிடுகிறார்கள், முக்கியமாகப் பெண்கள். 1990-களின் தொடக்கத்தில் மீன் வரத்து குறைந்து வங்கிகளும் சாய்ந்தபோது பத்தில் ஒருவர் அளவுக்கு ஊரைவிட்டே கிளம்பினார்கள். பெண் கிடைக்காத வாலிபர்கள் தாய்லாந்திலும் பிலிப்பைன்ஸிலும் கட்டி வந்தார்கள். அப்படி வந்த பெண்கள் இன்று அங்கே நூற்றுக்கணக்கில்.

புலம்பிக்கொண்டு உட்காராமல் சாலை போட்டார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்தது. 2020-இல் கடலுக்கடியில், நடுவில் ஒரு ரவுண்டானாவோடு சுரங்கப்பாதை திறந்தார்கள். ருனாவிக் ஊரிலிருந்து டோர்ஷவ்னுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது, இப்போது கால் மணி நேரம். சொந்த ஊரில் குடியிருந்தபடியே தலைநகருக்கு வேலைக்குப் போய்வருகிறார்கள். மக்கள்தொகையும் 2017-இல் 50,000-ஐத் தாண்டிவிட்டது.