வயிற்று அமிலத்தில் ஹெலிகோபாக்டர் பைலோரி எப்படிச் சாகாமல் இருக்கிறது?

"சாப்பாட்டோடு போகும் கிருமிகளை இரைப்பையின் அமிலம் கொன்றுவிடும் என்று படித்தோம். அல்சர் உண்டாக்கும் இந்தப் பாக்டீரியா மட்டும் எப்படி அங்கேயே குடியிருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் என் அப்பாவும் இதையே கேட்டார். எண்டோஸ்கோப்பி முடிந்து வீட்டுக்கு வந்து, கஞ்சி குடித்துக்கொண்டே, "அவ்வளவு ஆசிட்டுல ஒரு பூச்சி எப்படிப்பா உசுரோட இருக்கும்?" என்றார். கல்லூரியில் உயிர்வேதியியல் படித்திருந்தும் அன்று நான் அரைகுறையாகத்தான் சொன்னேன். அதற்கப்புறம் தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பாக்டீரியாவைக் காப்பாற்றுவது யூரியேஸ் என்ற ஒரு நொதி. யூரியாவை உடைத்து அம்மோனியாவும் கார்பன் டை ஆக்சைடும் ஆக்குவதுதான் அதன் வேலை. இந்த வேலையின் வாசனை நம் எல்லோருக்கும் தெரியும். மாட்டுத் தொழுவத்தில் காலையில் நுழைந்ததும் மூக்கில் ஏறும் நெடி, கழுவாத கழிப்பறையின் நெடி, இரண்டும் அதுதான். புதிதாக விழுந்த கோமியத்தில் அந்த நெடி இருக்காது. மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் பாக்டீரியாக்கள் தங்கள் யூரியேஸால் யூரியாவை உடைத்த பிறகுதான் அம்மோனியா கிளம்பும். உர யூரியாவை மண்ணோடு கலக்காமல் மேலாகத் தூவிவிட்டால் தழைச்சத்தில் ஒரு பங்கு காற்றோடு போவதும் இதனால்தான்.

அம்மோனியா காரம். அமிலத்தோடு சேர்ந்தால் அதைச் சமன்படுத்தும். இரைப்பைச் சாறில் ரத்தத்திலிருந்து கசிந்து வரும் யூரியா கொஞ்சம் எப்போதும் இருக்கிறது. பைலோரி அதை உள்ளே இழுத்து, உடைத்து, அம்மோனியாவால் தன்னைச் சுற்றி ஒரு மெல்லிய பாதுகாப்பை உண்டாக்கிக்கொள்கிறது. இந்தக் கிருமியின் மொத்தப் புரதத்தில் 10 சதவீதம் வரை யூரியேஸ் மட்டுமே என்றால் அதற்கு இது எவ்வளவு முக்கியம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது என்னை அசர வைத்த விஷயம். யூரியேஸ் அமிலத்தைத் தாங்கும் நொதியே இல்லை. pH 4-க்குக் கீழே அது தனியாக மாட்டிக்கொண்டால் கெட்டுப்போகும். அதனால் அது செல்லின் உள்ளே இருந்துதான் வேலை செய்ய வேண்டும். அப்படியானால் யூரியா உள்ளே வர வேண்டும். பைலோரியின் உள்சவ்வில் அதற்கென்றே யூரெஐ என்ற ஒரு வாசல் இருக்கிறது. வெளியே அமிலம் ஏறும்போது அது திறக்கிறது, அமிலம் குறைந்தால் மூடிக்கொள்கிறது. மூடத்தான் வேண்டும். அமிலம் இல்லாத நேரத்தில் யூரியாவை இஷ்டத்துக்கு உள்ளே விட்டால், உண்டாகும் அம்மோனியாவே காரத்தை ஏற்றி அந்தக் கிருமியைக் கொன்றுவிடும். நொதியைவிட இந்த வாசல்தான் பெரிய சாமர்த்தியம் என்று எனக்குத் தோன்றும்.

சரி, நொதியின் அமைப்புக்கு வருவோம். பைலோரியின் யூரியேஸில் இரண்டு வகைப் புரதச் சங்கிலிகள், ஒன்று சின்னது, ஒன்று பெரியது. இரண்டும் ஜோடி சேரும். மூன்று ஜோடிகள் ஒரு வளையம். நான்கு வளையங்கள் சேர்ந்து ஒரு உருண்டை. ஆக 12 ஜோடிகள், சுமார் 1,100 கிலோடால்டன் எடை. நொதிகளில் இது ஒரு பூதம். 2001-ல் இதன் வடிவம் வெளியானது.

ஜோடி ஒவ்வொன்றிலும் வேலை நடக்கும் குழி ஒன்று. அந்தக் குழியில் இரண்டு நிக்கல் அணுக்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். அவற்றை இணைத்துப் பிடிப்பது லைசின் என்ற ஒரு அமினோ அமிலம். அதுவும் வெறும் லைசின் இல்லை, ஒரு கார்பன் டை ஆக்சைடை நுனியில் ஏந்திய லைசின். யூரியா வந்து உட்கார்ந்ததும் குழியின் மேல் ஒரு மூடி மடங்கி வரும். ஒரு நிக்கல் யூரியாவின் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ள, நிக்கலோடு ஒட்டியிருக்கும் நீர் நடுவில் உள்ள கார்பனைத் தாக்கும். முதலில் ஒரு அம்மோனியா கழன்று போகும். மிச்சமிருக்கும் கார்பமேட் என்ற துண்டு தானாகவே உடைந்து இரண்டாவது அம்மோனியாவைத் தரும். தண்ணீரில் சும்மா விட்டால் யூரியா உடைய வருடக்கணக்கில் ஆகும். இந்தக் குழிக்குள் அதன் வேகம் கோடி கோடி மடங்கு ஏறுகிறது, அதாவது 1-க்குப் பின்னால் 14 பூஜ்யம்.

நிக்கல் நம் உடம்பில் சல்லடை போட்டுத் தேட வேண்டிய அளவுக்குத்தான் இருக்கிறது. அதைச் சேர்த்துவைத்து, நொதியின் குழியில் சரியாகப் பொருத்துவதற்கென்றே பைலோரி தனிப் புரதங்களை வைத்திருக்கிறது. நொதிகளில் நிக்கல் இருக்கும் என்பதே 1975-ல் ஜாக் பீன் என்ற அவரையின் யூரியேஸில்தான் முதன்முதலில் தெரியவந்தது. அதே அவரையின் யூரியேஸைத்தான் 1926-ல் ஜேம்ஸ் சம்னர் என்ற அமெரிக்க வேதியியலாளர் படிகமாக்கி, நொதி என்பது புரதம்தான் என்று காட்டினார். 17 வயதில் ஒரு கையை இழந்தவர் அவர். 1946-ல் நோபல் கிடைத்தது.

அப்பா கதைக்கு வருகிறேன், ஏனென்றால் உங்களுக்கும் இது உதவலாம். எண்டோஸ்கோப்பியில் இரைப்பையிலிருந்து ஒரு துணுக்கு எடுத்து மஞ்சள் ஜெல்லில் வைத்தார்கள். அதில் யூரியாவும், காரம் பட்டால் நிறம் மாறும் பீனால் ரெட் என்ற சாயமும் இருக்கும். துணுக்கில் பைலோரி இருந்தால் அம்மோனியா உண்டாகி மஞ்சள் ரோஸ் நிறமாகும். அப்பாவுடையது மஞ்சளாகவே இருந்தது. "கிருமி இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் அவர் மாதக்கணக்காகக் காலையில் வெறும் வயிற்றில் பான்டோபிரசோல் போட்டுக்கொண்டிருந்தார். அதை யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அமிலத்தைக் குறைக்கும் அந்த மாத்திரையால் கிருமிகளின் எண்ணிக்கை குறையும், இரைப்பையில் அவை இருக்கும் இடமும் மாறும், அந்த வாசலும் மூடியே இருக்கும். சோதனை தேடுவது யூரியேஸின் வேலையைத்தான். வேலை நடக்காவிட்டால் நிறம் மாறாது.

வலி நிற்காமல் வேறொரு மருத்துவரிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வியே "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" அவர் சொன்னபடி இரண்டு வாரம் மாத்திரையை நிறுத்திவிட்டு மூச்சுச் சோதனைக்குப் போனோம். கார்பன்-13 என்ற சற்றுக் கனமான கார்பன் உள்ள யூரியாவைக் குடித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்து ஒரு பையில் ஊத வேண்டும். மனிதச் செல்களுக்கு யூரியேஸ் கிடையாது. ஆகவே மூச்சில் கார்பன்-13 கூடுதலாக வந்தால் அது கிருமி உடைத்தது என்றே அர்த்தம். அப்பாவுக்கு வந்தது.

யூரியேஸையே அடைத்துவிட்டால் என்ன என்று அடுத்து கேட்பீர்கள். அசிட்டோஹைட்ராக்ஸாமிக் அமிலம் என்ற மருந்து அதைத்தான் செய்கிறது, ஆனால் பக்க விளைவுகள் அதிகம். யூரியேஸ் உள்ள கிருமிகளால் வரும் சிறுநீரகக் கற்களுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துகிறார்கள். பைலோரிக்கு ஆன்டிபயாடிக்குகளும் அமிலம் குறைக்கும் மாத்திரையும் சேர்த்துத் தருவார்கள், வழக்கமாக 14 நாள். சோதனைக்கு முன் நிறுத்தச் சொன்ன அதே மாத்திரை இங்கே தேவைப்படுகிறது. அந்த ஆன்டிபயாடிக்குகளில் ஒன்றான அமாக்சிசிலின், பெருகிக்கொண்டிருக்கும் பாக்டீரியாவைத்தான் கொல்லும். அமிலம் குறைந்தால்தான் பைலோரி பெருகத் தொடங்கும்.

மருந்து முடித்ததும் அப்பாவுக்கு வலி போய்விட்டது. ஆனாலும் ஆன்டிபயாடிக் முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து மறுபடி ஊதிப் பார்க்க வேண்டும், அதற்கு முன் இரண்டு வாரம் அமில மாத்திரை கூடாது என்றார் மருத்துவர். இந்த முறை காலண்டரில் அம்மாவே வட்டம் போட்டு வைத்திருந்தார்.