கோர் பிளக் கசிவு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஏற்காடு ஏறி இறங்கினால் காரின் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறைகிறது. வீட்டு வாசலில் ஒரு சொட்டும் இல்லை. ரேடியேட்டரிலும் ஹோஸிலும் கோளாறு இல்லை. (அஸ்தம்பட்டி)

பதில்: 20 கொண்டை ஊசி வளைவுகளைச் சிறிய கியரில் ஏறும்போது எஞ்சினில் சூடும் அழுத்தமும் கூடும். குளிர்ந்த நிலையில் அடங்கிக் கிடக்கும் ஊசித்துளை அப்போது கசியும். எக்ஸாஸ்ட் குழாயில் பட்டு ஆவியாகிவிட்டால் தரையில் தடயம் இருக்காது. டார்ச் அடித்து எஞ்சின் பிளாக்கின், அதாவது சிலிண்டர்கள் இருக்கும் வார்ப்பு உடலின், பக்கவாட்டைப் பாருங்கள். வட்டத் தகட்டு மூடி ஒன்றின் கீழே துரு வழிந்த கோடோ, காய்ந்த கூலன்டின் பொருக்கோ இருந்தால் அந்த கோர் பிளக்தான் குற்றவாளி.

கேள்வி: கோர் பிளக் அடைக்கும் அந்த ஓட்டை எதற்கு? தண்ணீர் உறைந்தால் பிளாக் வெடிக்காமல் காக்கவா?

பதில்: இல்லை. வார்ப்பின்போது உள்ளே வைத்த மணல் அச்சைத் தாங்கவும் பிறகு வெளியேற்றவும் விட்ட வழி அது. உறைபனி நாடுகளிலும் அதை நம்பி யாரும் வண்டியை வெளியே விடுவதில்லை. ஏற்காட்டுக் குளிர் நமக்கு ஸ்வெட்டரோடு சரி.

கேள்வி: வீட்டிலேயே மாற்றலாமா? (சூரமங்கலம்)

பதில்: கை எட்டினால் மாற்றலாம். கியர்பாக்ஸுக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் பட்டறைக்கு விடுங்கள்.

எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு பேட்டரி இணைப்பைக் கழற்றி, ரேடியேட்டரையும் பிளாக்கையும் வடியுங்கள். கிண்ண வடிவ பிளக் என்றால், கீழ் விளிம்பில் பஞ்ச் வைத்து அளவாகத் தட்ட, ஒரு பக்கம் உள்ளே போய் மறுபக்கம் வெளியே திரும்பும்; அந்த விளிம்பைப் பிளேயரால் பிடித்து இழுங்கள். ஆத்திரப்பட்டு அடிக்காதீர்கள்: சற்று உள்ளே சிலிண்டர் சுவர் இருக்கிறது.

அடுத்ததில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். துளையின் உள்வட்டத்தை மெல்லிய எமரித் தாளால், வட்டப்போக்கில் மட்டும் தேயுங்கள். உள்ளிருந்து வெளியே ஒரு கீறல் விழுந்தாலும் புது பிளக்கும் அதன் வழியே ஒழுகும். வெளியே வந்த பிளக் நெளிந்திருக்கும், அதை அளந்து பயனில்லை. துளையை வெர்னியர் அளவுகோலால் அளந்து வாங்குங்கள். சீலன்ட்டை மெல்லிய படலமாகப் பூசி, கிண்ணத்துக்குள் தளர்வாக நுழையும் சாக்கெட்டை வைத்து, கோணாமல் தட்டி இறக்குங்கள். விளிம்பு துளையின் சரிவைத் தாண்டிச் சற்றே உள்ளே போனதும் நிறுத்திவிடலாம்.

கேள்வி: இரும்பா, பித்தளையா?

பதில்: பித்தளை. துருப்பிடிக்காது.

கேள்வி: எபாக்சி பசை வைத்து அடைத்தால் நிற்குமா?

பதில்: வீடு வந்து சேரும்வரை நிற்கலாம். போல்ட் முடுக்கினால் விரியும் ரப்பர் பிளக் அதைவிட மேல், ஆனாலும் தற்காலிகம்தான்.

கேள்வி: ஒன்றை மாற்றினேன், அடுத்தது ஒழுகுகிறது. போர் தண்ணீர்தான் ஊற்றுகிறோம். (கொண்டலாம்பட்டி)

பதில்: காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். உப்புக் கூடிய தண்ணீர் உள்ளே படிவு கட்டும். துருத்தடுப்பு இல்லாத நீர் இரும்பு பிளக்கை உட்புறமிருந்து அரிக்கும். மற்ற பிளக்குகளும் அதே நீரில்தான் இருக்கின்றன, எட்டுகிறவற்றைச் சேர்த்தே மாற்றுங்கள். உட்புறத்தை அலசிவிட்டு, கூலன்டையும் கனிமம் நீக்கிய நீரையும் சரிபாதி கலந்து ஊற்றுங்கள். வடித்த பழைய கூலன்டைச் சாக்கடையோரம் கொட்ட வேண்டாம். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும். அது கொடிய நஞ்சு.