வரியைக் குறைத்தால் பொருளாதாரம் வளருமா? அரசின் வரவு செலவுக்கும் வளர்ச்சிக்கும் என்ன தொடர்பு?

இலங்கையில் இதைச் செய்தே பார்த்துவிட்டோம். அதனால் புத்தகத்தை விட்டுவிட்டு, வடக்கே எங்கள் வன்னியில் நடந்ததை வைத்தே பதில் சொல்கிறேன்.

2019 இறுதியில், பொருள்களின் விலையோடு சேர்ந்து வரும் பெறுமதி சேர் வரியை (VAT) 15 வீதத்திலிருந்து 8 வீதமாக்கினார்கள். அதுவரை ஆண்டுக்கு 1.2 கோடி ரூபாவுக்கு மேல் வியாபாரம் செய்தவர்கள் அந்த வரிக்குள் வந்தார்கள். அந்த எல்லையை 30 கோடிக்கு உயர்த்தினார்கள். மக்கள் கையில் காசு புழங்கும், வியாபாரம் பெருகும், வரி தானாகத் திரும்பி வரும் என்பது கணக்கு. ஆனால் வரி வருமானம் விழுந்தது, அரசின் செலவு குறையவில்லை. வெளிநாட்டில் கடன் கொடுப்போர் பின்வாங்க, பழைய கடனைக் கட்டக் கையிருப்பு டொலர்தான் போனது. சில மாதங்களில் கொரோனாவும் வந்தது. 2019 முடிவில் ஏறத்தாழ 760 கோடி டொலராக இருந்த அந்நியச் செலாவணிக் கையிருப்பு, 2022 மார்ச்சில் 200 கோடிக்கும் கீழே போனது. அடுத்த மாதமே வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்தினார்கள். அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. இப்போது அதே வரி 18 வீதம். குறைத்தபோது பெரிய வியாபாரிக்குக் கிடைத்த லாபம் எங்கள் ஊர்க் கூலித்தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை. கூட்டியதை அவரும் சேர்ந்தே கட்டுகிறார். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

திறைசேரியில், அதாவது அரசின் கஜானாவில், காசில்லை என்பது வன்னிக்குப் பசளைத் தட்டுப்பாடாகத்தான் தெரிந்தது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தார்கள். சேதன (இயற்கை) விவசாயம் என்றுதான் காரணம் சொன்னார்கள். டொலரை மிச்சம் பிடிப்பதும் அதில் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். நவம்பரில் தடையை எடுத்தபோது, மாரி மழையை நம்பிச் செய்யும் காலபோக விதைப்பு முடிந்திருந்தது. யூரியாவுக்கு ஒரு நாள் இருக்கிறது. அது தவறினால் பிறகு மூட்டை மூட்டையாகக் கொட்டியும் பிரயோசனமில்லை. எங்கள் பக்கத்து வயல்களில் பயிர் வெளிறி நின்றது, வெட்டியபோது பதர்தான் அதிகம். மழை பெய்தது, குளத்தில் தண்ணீர் இருந்தது, ஆட்களும் இருந்தார்கள். ஒரு கொள்கை முடிவு மட்டும் அந்தப் போகத்தைக் கெடுத்தது.

அப்படியென்றால் கடன் வாங்கிச் செலவழிப்பதே தப்பா? இல்லை. எதற்கு வாங்குகிறோம் என்பதுதான் கேள்வி. போருக்குப் பிறகு கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தைப் புனரமைத்ததும் கடனில்தான், சர்வதேச விவசாய அபிவிருத்தி நிதியத்தின் உதவியோடு. குளத்தில் எவ்வளவு நீர் நிற்கிறது என்பதைப் பார்த்துத்தான், கோடையில் செய்யும் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவெடுக்கிறார்கள். ஆகவே அந்தக் கடன் ஒவ்வோர் ஆண்டும் நெல்லாகத் திரும்பி வருகிறது. வரிக் குறைப்பால் விழுந்த பள்ளத்தை நிரப்ப வாங்கிய கடனில் எங்களுக்கு ஒரு பிடி நெல்லும் விளையவில்லை.

போர் முடிந்த கையோடு, வன்னியை ஊடறுத்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியும் கடனில் புதிதானது. வீதி வந்தது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் வழியே வாகனங்களைத் தவணைக் கடனில் கொடுக்கும் லீசிங் கம்பனிகளும் கடைச் சாமான்களும் உள்ளே வந்த வேகத்தில் எங்கள் பொருட்கள் வெளியே போகவில்லை. வீதி போட்டதோடு அரசு நின்றுவிட்டது, அதுதான் குறை.

மாசி, பங்குனியில் கிளிநொச்சிப் பக்கம் வந்தால் பார்க்கலாம். காப்பெற் வீதியின் ஓரத்தில் படங்கு விரித்து நெல் காயவைத்திருப்பார்கள். ஒருவர் காலால் அளைந்து கிளறிக்கொண்டிருப்பார், வாகனங்கள் ஒதுங்கிப் போகும். அரசின் நெல் சந்தைப்படுத்தும் சபை உத்தரவாத விலை கொடுக்க வேண்டுமென்றால் ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. காயவைக்கத் தளம் இல்லாதவர் என்ன செய்வார்? மெஷின் வெட்டிக் கொட்டிய இடத்திலேயே, வரம்படியில் லொறியோடு நிற்கும் வியாபாரிக்கு ஈர நெல்லாகக் கொடுத்துவிடுவார். பசளைக் கடனும் உழவுக் கூலியும் காத்திராது. 2025இல் நாடு என்ற ரக நெல்லுக்குக் கிலோ 120 ரூபா என்று அரசு அறிவித்தது பெப்ரவரி தொடக்கத்தில்; அதற்குள் நாட்டின் பல இடங்களில் அறுவடை தொடங்கியிருந்தது. விலை நல்ல விலைதான். அது வயலுக்கு வந்து சேரவில்லை.

வரவு செலவுத் திட்டத்தில் வன்னிக்கு ஒன்று கேட்கச் சொன்னால், வரிச் சலுகை கேட்கமாட்டேன். விவசாயிகளுக்கான அரசு அலுவலகமான கமநல சேவை நிலையம் ஒவ்வொன்றிலும் ஒரு காயவைக்கும் தளமும் களஞ்சியமும் கேட்பேன். நெல் வாங்கும் காசைத் தை பிறப்பதற்கு முன்பே சபையின் கையில் கொடுக்கச் சொல்வேன்.