ஏறப் போறியா, இறங்கப் போறியா?

அன்புள்ள ஐயா,

திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்துக் கிராமம் எனக்கு. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பருவகாலப் பட்டியல் எழுத்தர் வேலை. லாரி வராத நாட்களில் மூட்டைகள் அடுக்கிக் கிடக்கும், நானும் அங்கேயே கிடப்பேன். அப்படி ஒரு நாள், கப்பல்கள் இருக்குமிடம் காட்டும் வரைபடத்தைப் போனில் திறந்தேன். ஆறு வருஷம் ஆகிவிட்டது. இப்போது பெரிய பயணிகள் கப்பல்களில் எது எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது என்று கேட்டால் பாதியாவது பார்க்காமல் சொல்வேன். நீள நோட்டு ஒன்றில் 212 கப்பல்களின் விவரம் எழுதி வைத்திருக்கிறேன். ஐகான் ஆஃப் த சீஸ் 2,48,663 டன் எடை, நீளம் 365 மீட்டர், டைட்டானிக் 269 மீட்டர்தான், இப்படி.

ஒரு கப்பலிலும் நான் ஏறியதில்லை. ஏறும் வசதியும் இல்லை. "ஏறப் போறியா, இறங்கப் போறியா, எதுக்குடா இது?" என்று அம்மா கேட்கிறார். கூட வேலை பார்க்கும் நண்பர், "பணக்காரன் வீட்டுக் கல்யாணத்த வேலிக்கு வெளிய நின்னு பாக்குற மாதிரி இருக்கு" என்றார். அது மனதில் தைத்துவிட்டது. இது பொழுதுபோக்கா, வெறும் ஏக்கமா? விட்டுவிடட்டுமா?

ம.

அன்புள்ள ம.,

விட வேண்டாம். ஆனால் நோட்டில் எழுதுவதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் அம்மா கேட்ட கேள்வி நம் கரையில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு கேட்ட கேள்விதான். யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் போய்க்கொண்டிருந்த நாட்களில் நாகூரிலும் திட்டச்சேரியிலும் கப்பல் தேதி தெரியாத வீடு இருந்திருக்காது. அக்கரைக்குப் போய்ப் பிழைத்தவரைச் 'சபுராளி' என்று சொல்லும் வழக்கம் இன்னும் அங்கே பெரியவர்கள் வாயில் இருக்கிறது. ஏறியவர்கள் கொஞ்சம் பேர். கரையில் நின்று கணக்கு வைத்தவர்கள்தான் அதிகம். நீங்கள் இந்த இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவர். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

எனக்குப் பன்னிரண்டு வயதில் பெரியப்பா சிதம்பரம் கப்பலில் பினாங்குக்குப் போனார். பாட்டியும் நானும் வழியனுப்பப் போயிருந்தோம். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, ஆழம் போதாது. தள்ளிக் கடலில் நிற்கும், படகில் போய் ஏற வேண்டும். பெரியப்பாவின் தகரப்பெட்டியில் வெள்ளைப் பெயின்டால் பெயரும் ஊரும் எழுதியிருந்தது. எழுதியவர் அவசரத்தில் 'பினாங்' என்பதோடு நிறுத்தியிருந்தார். படகு போன பிறகு எது பெரியப்பா, எது வேறு ஆள் என்று தெரியாமலே கை ஆட்டிக்கொண்டிருந்தோம். கப்பல் கிளம்பியதும் கூட்டம் கலைந்தது, பாட்டி மட்டும் நகரவில்லை. புடவைத் தலைப்பை நெற்றிக்கு மேல் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள். முதலில் கப்பலின் உடம்பு மறைந்தது, அப்புறம் மேல்மாடிகள், கடைசியாகப் புகைபோக்கி. அதுவும் போன பிறகுதான், "எறங்கிடிச்சு, வா போவலாம்" என்றாள். அடிவானத்துக்குக் கீழே கப்பல் போவதை அவள் 'இறங்குவது' என்றுதான் சொல்வாள்.

நான் கப்பல்களைப் பின்தொடர ஆரம்பித்தது அங்கேதான். ரொம்ப வருஷம் கழித்து, அந்தச் சிதம்பரத்தின் பழைய கதையைத் தெரிந்துகொண்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பிரான்சின் டன்கர்க்கில் கட்டி 1966-இல் ஓடத் தொடங்கிய கப்பல் அது. அப்போது அதன் பெயர் பாஸ்டர், ஐரோப்பாவிலிருந்து தென் அமெரிக்காவுக்கு ஆள் ஏற்றிப் போனது. எழுபதுகளின் தொடக்கத்தில் இந்திய அரசின் ஷிப்பிங் கார்ப்பரேஷன் வாங்கிப் பெயரை மாற்றி நம் பக்கம் விட்டது. ப்யூனஸ் அயர்ஸ் போக வேண்டியவர்கள் நடந்த தளத்தில் என் பெரியப்பா பாய் விரித்துப் படுத்திருக்கிறார்! 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அதில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அதோடு நம் கரையிலிருந்து பினாங்குக்குப் போன கப்பல் பயணமும் முடிந்தது.

இப்போது உங்கள் நோட்டுக்கு வருகிறேன். முதலில் ஒரு திருத்தம். 2,48,663 என்பது ஐகானின் எடை இல்லை. கப்பலுக்குள் மூடிய இடம் மொத்தம் எவ்வளவு என்று அளந்து, அதை ஒரு சூத்திரத்தில் போட்டு வருகிற எண் அது. பெயரில் டன் இருப்பதால் எல்லோரும் எடை என்றே எழுதுகிறார்கள், பத்திரிகைகளும்தான். கொள்ளளவு என்று மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றிக்கொண்டால் வேறொன்று தெரியும். சிதம்பரத்துக்கு முன்னால் நம் தாத்தாக்கள் போன ரஜூலா, 1926-இல் கிளாஸ்கோவில் கட்டியது. அதன் கொள்ளளவு எட்டாயிரத்துச் சொச்சம். ஆரம்ப காலத்தில் அது, அறை இல்லாமல் தளத்திலேயே படுத்துப் போகும் டெக் பயணிகளை ஐயாயிரம் பேருக்கு மேல் ஏற்ற அனுமதி பெற்றிருந்தது. ஐகானில் அதிகபட்சம் 7,600 பயணிகள். அதாவது ஒன்றரை மடங்கு ஆட்களுக்கு ஏறக்குறைய 30 மடங்கு இடம். ரஜூலாவில் ஓர் ஆளுக்குக் கிடைத்தது பாய் அளவு இடம்தான், பக்கத்திலேயே பெட்டி, காலடியில் அடுத்தவர் தலை. உங்கள் நோட்டில் ஐகான் எழுதிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ரஜூலாவை எழுதுங்கள். உங்கள் நண்பருக்கு அந்த இரண்டு பக்கத்தையும் திறந்து காட்டுங்கள். வேலிக்கு வெளியே நிற்கிற ஆள் எழுதக்கூடியதா அது?

'சொகுசுக் கப்பல்' என்று நம் செய்திகளில் வரும் சொல் எனக்குப் பிடிப்பதில்லை. கப்பலைப் பார்க்க வந்தவனை அது நீச்சல்குளத்தையும் விருந்தையும் மட்டும் பார்க்கச் சொல்கிறது. ரஜூலாவும் சிதம்பரமும் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ஆளைக் கொண்டுபோய்ச் சேர்த்தவை. இன்றைய பெரிய கப்பல்கள் பெரும்பாலும் புறப்பட்ட இடத்துக்கே சுற்றிக்கொண்டு வந்துவிடுகின்றன. பழைய மாதிரி அட்லான்டிக் கடலை நேரே கடப்பதற்கென்று கட்டி இன்று ஓடிக்கொண்டிருப்பது 2004-இல் வந்த குயின் மேரி 2 ஒன்றுதான்.

212 கப்பல் என்பது பெரிய எண்ணிக்கை. அதில் ஒன்றை எடுத்துப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து பாருங்கள். பெயரை நம்பாதீர்கள், பெயர் மாறும். மாறாதது ஏழு இலக்க ஐஎம்ஓ எண், அதாவது சர்வதேசக் கடல்சார் அமைப்பின் முறைப்படி ஒவ்வொரு கப்பலுக்கும் கொடுக்கும் அடையாள எண். சென்னைக்கு வந்து போகிற எம்ப்ரஸ் கப்பலை எடுத்துக்கொள்வோம். அதன் எண் 8716899. முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்குங்கள். 56, 42, 5, 24, 24, 18. கூட்டினால் 169. கடைசி இலக்கம் 9, எண்ணின் ஏழாவது இலக்கமும் 9. எழுதியதில் பிழை இருந்தால் இந்தக் கணக்குப் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். மூட்டைக் கணக்கைச் சரிபார்க்கிற உங்களுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் 212 எண்களையும் ஒரு மத்தியானம் உட்கார்ந்து போட்டுப் பாருங்கள்.

அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால், எம்ப்ரஸ் 1990-இல் பிரான்சில் நார்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில் வந்தது தெரியும். 2004-இல் எம்ப்ரஸ் ஆஃப் த சீஸ் ஆனது. அப்புறம் ஸ்பெயின் நிறுவனம் ஒன்றுக்குக் கை மாறி, மறுபடி பழைய நிறுவனத்துக்கே திரும்பி, 2021-இல் மும்பையிலிருந்து ஓட ஆரம்பித்தது. அதே 1990-இல் இத்தாலியில் பிறந்த இன்னொரு கப்பலும் இந்தியாவுக்கு வந்தது. கிரௌன் பிரின்சஸ் என்று பெயர் வைத்துக் கட்டியது, கடைசிப் பெயர் கர்ணிகா. 2019-இல் மும்பையில் ஓடத் தொடங்கி, ஒரு வருஷம்கூட முழுசாக ஓடாமல் கொரோனாவில் நின்று, 2020 முடிவதற்குள் குஜராத்தின் அலாங் கடற்கரையில் உடைபடப் போய்விட்டது. அலாங்கில் கடல் ஏற்றம் மிக அதிகம். நீர் ஏறும் நேரம் பார்த்துக் கப்பலை அதன் எஞ்சினிலேயே வேகமாக ஓட்டிவந்து சேற்றில் ஏற்றிவிடுவார்கள். நீர் வடிந்ததும் உடைக்க ஆரம்பிப்பார்கள். 1962-இல் உலகின் மிக நீளமான பயணிகள் கப்பலாக ஓடத் தொடங்கிய 'பிரான்ஸ்' என்ற பெயர் கொண்ட கப்பலும் 2006-இல் அங்கேதான் வந்து சேர்ந்தது. இதையெல்லாம் எழுதும்போது மனம் கனக்கும். கனக்கட்டும், அதையும் எழுதுங்கள். அந்தக் கப்பல்கள் கடலில் விடுகிற புகையையும், அவை மொத்தமாகக் கொண்டுவந்து இறக்கும் கூட்டத்தில் திணறுகிற ஊர்களையும் எழுதுங்கள். வெனிஸில் 2021-இல் பெரிய கப்பல்கள் ஊருக்குள்ளே வருவதைத் தடை செய்ததற்குக் காரணம் இருந்தது.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. உங்கள் நோட்டில் இப்போது இருப்பது பெரும்பாலும் உலகத்தில் யாருக்கும் கிடைக்கும். ஐகானின் நீளத்தைத் திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒருவர் எழுதிவைக்க வேண்டிய அவசியமில்லை. நம் கரையிலிருந்து என்ன தெரிந்தது என்பதை நாம் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப் போவதில்லை.

எம்ப்ரஸ் 2023 ஜூனில் முதல் முறை இலங்கையின் காங்கேசன்துறைக்கு வந்தது. சென்னையிலிருந்து அங்கே போகிற கப்பல் நம் கரைக்குக் கிழக்கே முப்பது கிலோமீட்டர் வாக்கில் போக வேண்டும். கரையிலிருந்து அது கண்ணுக்குத் தெரியுமா? அதற்குக் கணக்கு இருக்கிறது. கண் இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 3.57-ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்று வரும். மணலில் நின்றால் நாலரைதான். நாலு மாடி உயரத்தில், 15 மீட்டர் என்று வைத்தால், கிட்டத்தட்ட 14. கப்பலின் உச்சி கடலுக்கு மேல் 40 மீட்டர் என்றால் அதற்கு 22 சொச்சம். இரண்டையும் கூட்டினால் 36. ஆக, மாடியில் நின்றால் மேல்பகுதி மட்டும் தெரியலாம்.

ஒரு ஆடி மாதம் வேளாங்கண்ணியில் தங்கும் விடுதி ஒன்றின் மொட்டைமாடியில், விடியற்காலை நாலு மணிக்கு முன்பே போய் நின்றேன். காவலாளிக்கு விஷயத்தைச் சொன்னதும் அவரும் கூட வந்து நின்றார். முதலில் மீன்பிடி விசைப்படகுகளின் விளக்குகள்தான், அங்கொன்றும் இங்கொன்றுமாக. அப்புறம் வடகிழக்கில் ஒரு இடம் மட்டும் லேசாக வெளுத்தது. நிலா உதிக்கிறதோ என்று காவலாளி கேட்டார். கொஞ்ச நேரத்தில் அந்த வெளுப்புக்கு அடியில் ஒரு வரி வெளிச்சம் வந்தது. சீரியல் லைட்டைக் கிடையாக இழுத்துக் கட்டியது போல ஒரே ஒரு வரி, கீழே இருக்க வேண்டிய தளங்கள் எதுவும் இல்லை. கப்பலின் பாதியைக் கடல் மறைத்திருந்தது. போனைப் பார்த்தேன், எம்ப்ரஸ். இருபத்தைந்து நிமிடம் பார்த்தோம். அது இறங்கும்போது என் வாயில் தானாகப் பாட்டியின் சொல் வந்தது.

நீங்களும் போங்கள். மும்பைப் பக்கம் பருவமழை அடிக்கும் மாதங்கள்தான் அந்தக் கப்பல் சென்னைக்கு வந்திருக்கும் காலம். வரைபடத்தில் புள்ளியைப் பார்க்கும்போது அது எத்தனை நிமிடத்துக்கு முன் வந்த தகவல் என்பதையும் பாருங்கள். கப்பல் சில வினாடிக்கு ஒருமுறை தன் இடத்தை வானொலியில் சொல்லிக்கொண்டே போகும், பெரும்பாலும் கரையில் யாராவது வைத்திருக்கும் ஆன்டெனா அதைப் பிடித்துத்தான் உங்கள் போனுக்கு வரும். சேருமிடம் என்று காட்டுவது கப்பலில் ஒருவர் கையால் தட்டச்சு செய்வது, பழைய ஊர்ப் பெயர் மாற்றாமலே கிடக்கும். அதை நம்பி நாகப்பட்டினத்துக்குப் பஸ் ஏறிவிடாதீர்கள்.

இன்னொரு வேலையும் உங்களுக்கு இருக்கிறது. சிதம்பரம் கப்பலில் பயணம் செய்தவர்களில் பெரும்பாலோருக்கு இப்போது அறுபதுக்கு மேல். ரஜூலாவில் போனவர்கள் இன்னும் பெரியவர்கள். கொள்முதல் நிலையத்துக்கு நெல் கொண்டுவரும் பெரியவர்களில் யாராவது ஒருவர் அதில் போயிருப்பார், இல்லை, அவர் அண்ணன் போயிருப்பார். படகிலிருந்து கப்பலுக்கு எப்படி ஏறினார்கள், என்ன சாப்பாடு கொடுத்தார்கள், எத்தனையாம் நாள் வாந்தி நின்றது, பினாங்கு முதலில் எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள். என் பெரியப்பாவிடம் நான் கேட்கவில்லை. தகரப்பெட்டி இருக்கிறது, அவர் இல்லை.

நோட்டில் மூன்று பத்தி போடுங்கள். தேதி, நேரம், எங்கே நின்று பார்த்தீர்கள் என்பது ஒன்று. கண்ணுக்கு எப்படித் தெரிந்தது, எத்தனை மணிக்கு இறங்கியது என்பது இரண்டாவது. மூன்றாவதில் ஐஎம்ஓ எண். முதல் பக்கம் எழுதியதும் எனக்குப் படம் எடுத்து அனுப்புங்கள். அம்மாவையும் ஒருமுறை மாடிக்குக் கூட்டிப் போங்கள்.

அன்புடன்.